ஸ்டீரிங்கில் சாய்ந்த அம்மன்

அத்தியாயம் 17

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வரப் பிறந்த வீட்டார்தான் போக வேண்டும். பிறந்த வீட்டு வண்டியில்தான் அவள் வந்து இறங்க வேண்டும். சம்பந்தி வீட்டு வண்டி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனால், பார்க்கிறவர்கள் ‘பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்களாமே’ என்பார்கள். ஒரு குடும்பத்தின் மானம் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

வெள்ளத்துரை இதை நன்றாக அறிந்தவர். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

கரிவலம்வந்தநல்லூரில் மகள் மாலாவின் வளைகாப்பு நிறைவாக முடிந்ததும், அன்று அஷ்டமியாகப் போனதால் ‘புதன்கிழமை வந்து கூட்டிட்டுப் போறோம்’ என்று சொல்லிவிட்டு அவர் திரும்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். வருகிற வழியில் அவருடைய பழைய அம்பாசிடர் ரோட்டை விட்டு வயலோரம் இறங்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஸ்டீரிங் தண்டின் கீழ்முனையில் பற்கள் தேய்ந்து வழுக்கிவிட்டன. கையில் வளையம் திரும்பியது, கீழே டயர் திரும்பவில்லை.

இன்று புதன்கிழமை.

காலை ஏழு மணிக்கே சம்பந்தியம்மாள் நிர்மலாதேவியின் போன் வந்துவிட்டது.

“அண்ணே, குத்தமாச் சொல்லுதேன்னு நெனைக்காதீய. வயித்துப் பிள்ளக்காரிய அந்த வண்டியில ஏத்த எனக்கு மனசு வரல. அருண்பாண்டியன் லீவு போட்டிருக்கான். எங்க வண்டியிலயே அலுங்காம குலுங்காம கொண்டாந்து விட்டிருதோம்.”

“வேண்டாம்மா. கோயமுத்தூர்ல இருந்து வேற தண்டு வந்துட்டு. சாம்சன் மாட்டிக்கிட்டு இருக்கான். பன்னெண்டு மணிக்கு ராகு காலம். அதுக்கு முன்னால மாலாவ ஏத்திருவோம்.”



“சரி அண்ணே. சரியா இருந்தா வாங்க. இல்லேன்னா ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

நிர்மலாதேவி பொல்லாதவள் அல்ல. அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. நியாயம் இருந்ததுதான் வெள்ளத்துரையை அதிகமாகக் குத்தியது.

வண்டிக் கொட்டகைக்கு வந்தார். அம்பாசிடரின் முன்கதவு திறந்திருந்தது. மெக்கானிக் சாம்சனின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மீதி சாம்சன் ஸ்டீரிங்குக்குக் கீழே தலைகீழாகக் கிடந்தார்.

“எங்கன நிக்கு வேலை?”

“தண்டு பல்லுல உக்காந்துட்டு அண்ணாச்சி. கீழ போல்ட்டு முடுக்குதேன். கியர் லிவர் மாட்டியாச்சு, போட்டுப் பாத்தாச்சு. நாலும் விழுது.”

“தண்டு போயி உக்காருத பெட்டியில உள்ள பல்லு?”

“அது இரும்பா, என் பொண்டாட்டி வாயான்னு தெரியல. ஒரு தேய்மானம் இல்ல.”

பக்கத்துத் தறிக்கூடத்துச் சத்தத்தையும் மீறி வெள்ளத்துரை சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

அந்த வண்டியின் கதையைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளத்துரை பொதுப்பணித் துறையில் டிரைவராக இருந்தவர். இதே வண்டியைப் பத்தொன்பது வருஷம் அதிகாரிகளுக்காக ஓட்டினார். வண்டி நின்றதும் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிடுவார். அந்தப் பின்னிருக்கையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வீட்டாரையும் உட்கார வைத்ததில்லை. துறை அதைக் கழித்து ஏலத்துக்கு விட்டபோது அவரே எடுத்தார். அன்றைக்குப் பின்கதவைத் திறந்து முதன்முதலில் ஏற்றியது எட்டு வயது மாலாவைத்தான். அன்று மாலையே சன்னதித் தெருவில் வாங்கிய கோமதியம்மன் பித்தளைத் தகடு ஒன்றை, ஹாரன் பொத்தானுக்கு மேலே ஸ்டீரிங்கின் குறுக்குச் சட்டத்தில் இரண்டு திருகாணி போட்டு இறுக்கினார். அதன் பிறகு அம்மனைப் பார்க்காமல் அவர் சாவி போட்டதில்லை.

சாம்சன் வெளியே வந்து கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். கழற்றி வைத்திருந்த ஸ்டீரிங் வளையத்தை எடுத்துத் தண்டின் தலையில் வைத்தார். உற்றுப் பார்த்தார். எடுத்துச் சற்றுத் திருப்பி மறுபடியும் வைத்தார்.

“மேல போடுத ஸ்பிரிங் வாஷரு பழசு சரியில்ல. இந்தா முக்குக் கடையில போய் வாங்கிட்டு வந்திருதேன். அப்படியே ஒரு டீ. அதுவரை இப்படியே கிடக்கட்டும் அண்ணாச்சி.”

அவருடைய பைக் கிளம்பிப் போனது.

வெள்ளத்துரை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பழைய வளையம், புதிய தண்டு. கையை வைத்ததும் உள்ளங்கை தன் இடத்தைக் கண்டுகொண்டது. பிறகுதான் பார்த்தார். அம்மன் இடப்பக்கமாகப் படுத்துக் கிடந்தாள்.

மனசு கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற நாளில் அம்மனை இப்படியா போட்டுவிட்டுப் போவான்? அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், அவனுக்கு இது ஒரு தகடு, அவ்வளவுதான் என்று ஒரு நினைப்பும் ஓடியது. அந்த நினைப்புக்காக அவர் பிறகு வெட்கப்பட்டார். ஆனால் அப்போது வெட்கப்படவில்லை.

வளையத்தைத் தூக்கி எடுத்தார். அம்மன் நேராக நிற்கும்படி வைத்துப் பல்லில் அழுத்தினார். பழைய வாஷரைத் துடைத்துப் பார்த்தார். இன்னும் பத்து வருஷம் உழைக்கும் போலத் தோன்றியது. அதையே போட்டு, நட்டை வைத்து ஸ்பானரால் முழு பலத்தையும் கொடுத்து முடுக்கினார். ஹாரன் பொத்தானையும் மாட்டினார். பத்தொன்பது வருஷம் ஓட்டியவனுக்கு ஒரு நட்டு முடுக்கத் தெரியாதா?

அவர் இறங்கிப் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. ஞாயிறன்று கயிறு கட்டி இழுத்து வந்து, வாசல் தூணில் இடிக்காமல் வளைத்து உள்ளே தள்ளிய வண்டி அது. முன்டயர்கள் இரண்டும் இடப்பக்கம் திரும்பியே நின்றன.

சாம்சன் திரும்பி வந்தார். “முடுக்கிட்டீயளா?”

“ஆச்சு. நேரா வச்சு முடுக்கிட்டேன். பழைய வாஷரே போதும்.”

“நேரா வச்சா?” சாம்சன் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

“எனக்குத் தெரியாதா வே? மணி ஒம்பதரை. எமகண்டம் போயாச்சு. ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்.”

வீட்டுக்குள்ளிருந்து மனைவி தங்கத்தாய் எட்டிப் பார்த்தாள். பட்டுச்சேலை கட்டி, தாம்பாளத்தில் பழமும் பூவும் எடுத்து வைத்து, எட்டு மணியிலிருந்து தயாராக நிற்கிறாள்.

“பாத்துப் போங்க. வயலுக்குள்ள போயி நெல்லு அறுத்துட்டு வந்துராதீங்க.”

மகன் பாண்டியராஜ் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவன். இந்த வண்டியை விற்றுவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன்.

வண்டி தெருவைக் கடந்து ராஜபாளையம் ரோட்டுக்கு வந்தது. துளி ஆட்டமில்லை, சத்தமில்லை. டயர் சொன்ன பேச்சைக் கேட்டது. வெள்ளத்துரையின் நெஞ்சு நிமிர்ந்தது. நேர்ரோட்டில் சற்று வேகம் கொடுத்தார்.

“அப்பா.”

“என்னலே?”

“அம்மனப் பாருங்க.”

பார்த்தார். ரோடு நேராக ஓடியது, வண்டி நேராக ஓடியது. அம்மன் மட்டும் வலப்பக்கம் தலைசாய்த்துப் படுத்திருந்தாள்.

வெள்ளத்துரைக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பி நின்ற டயர், இடப்பக்கம் படுத்திருந்த அம்மன், சாம்சன் எடுத்துத் திருப்பி வைத்த விதம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பேசாமல் வண்டியைத் திருப்பினார்.

பாண்டியராஜ் பேசாமல் வரவில்லை. “கோயமுத்தூர் வரைக்கும் ஆளப் பிடிச்சு சாமானை வரவழைச்சு, கடைசியில இப்படிக் கோணலா மாட்டி வச்சிருக்காரு பாருங்க. அருண் மச்சான் பாத்தா என்ன நெனைப்பாரு? நான் அன்னைக்கே சொன்னேன், டாக்சி பிடிப்போம்னு.”

வெள்ளத்துரை வாய் திறந்தார். மறுபடியும் மூடிக்கொண்டார்.

கொட்டகைக்கு முன்னால் வண்டி நின்றதும் பாண்டியராஜ் முதலில் இறங்கினான். “என்ன சாம்சன் அண்ணே, வேலை இது? அம்மன் சாஞ்சு கிடக்கா! முப்பது வருஷம் சர்வீஸ்னு பேரு மட்டும்தானா?”

சாம்சன் குனிந்து ஸ்டீரிங்கைப் பார்த்தார். நட்டைப் பார்த்தார். பிறகு வெள்ளத்துரையைப் பார்த்தார். பார்வை ஒரு கணம்தான் நின்றது.

“கழட்டி மாட்டிருதேன் தம்பி” என்றார். ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

வெள்ளத்துரைக்குக் காது சுட்டது. ஒரு அதிகாரி செய்த தவறைத் தன் தலையில் கட்டியபோது தான் இப்படித்தான் பேசாமல் நின்றோம் என்பது நினைவு வந்தது. அன்று அந்த அதிகாரி பின்னிருக்கையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“கழட்டவே வேண்டாம்ணே” என்றான் பாண்டியராஜ். “ரெண்டு திருகாணிதானே? தகட்டைக் கழட்டி, வண்டி நேரா ஓடும்போது நேராத் தெரியுத மாதிரி ஒட்டிரலாம். அஞ்சு நிமிஷம். யாருக்கும் தெரியப் போறதில்ல.”

வெள்ளத்துரை பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. புது வண்டி. கரிவலத்து வண்டி. மருமகன் அருண்பாண்டியன் இறங்கினான்.

“வாங்க மாப்ளே!” தங்கத்தாய் ஓடி வந்தாள். “தண்ணி கொண்டாரவா, மோரு கொண்டாரவா?”

“மோரு குடுங்க அத்தை.” அவன் அம்பாசிடரைச் சுற்றிப் பார்த்தான். “மாமா, தப்பா எடுத்துக்காதீய. அம்மா காலையில இருந்து ஒரே பொலம்பல். வண்டிய ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்லுன்னு அனுப்பிட்டாக. சரியில்லேன்னா நான் மாலாவக் கொண்டாந்து விட்டிருதேன். இதுல என்ன இருக்கு?”

இதில் என்ன இருக்கிறது என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

அருண்பாண்டியன் ஜன்னல் வழியே தலையை விட்டான். “ஏன் மாமா, ஸ்டீரிங் ஏன் கோணலா இருக்கு?”

“இவர்தான் மச்சான்…” என்று பாண்டியராஜ் சாம்சன் பக்கம் கையை நீட்டினான்.

“கையக் கீழ போடுலே” என்றார் வெள்ளத்துரை.

பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

“மாப்ளே, சாம்சன் சரியாத்தான் வச்சிருந்தான். வாஷர் வாங்கப் போயிருந்தப்ப அம்மன் படுத்திருக்கான்னு நான்தான் எடுத்து நேரா வச்சு முடுக்குனேன். டயர் திரும்பி நிக்கத நான் பாக்கல. தப்பு என்னோடது. இம்புட்டு நேரம் அவன் பேச்சு வாங்கிட்டு நின்னான். நான் கேட்டுக்கிட்டு நின்னேன். அது அதைவிடப் பெரிய தப்பு.”

பாண்டியராஜின் முகம் தொங்கிப்போயிற்று.

“அண்ணாச்சி, விடுங்க” என்றார் சாம்சன், குரலைத் தாழ்த்தி. “டயர் இடப்பக்கம் பாத்து நிக்கு, அதனாலதான் அம்மாவப் படுக்க வச்சேன். டயர் நேரானா அவளும் எந்திரிச்சிருவா. சொல்லிட்டுப் போயிருக்கணும். டீ நெனப்புல போயிட்டேன்.”

“அப்பா, நேரம் ஆகுது” பாண்டியராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான். “தகட்டை மட்டும் மாத்திருவோமா?”

“அம்மனத் திருப்பி வச்சா நான் முடுக்குனது நேராயிருமாலே? ஓட்டுதவன் கைக்கு எது நேருன்னு தெரியணும். உங்க அக்கா பின்னால உக்காந்து வரப் போறா. கழட்டு வே சாம்சன்.”

மணி பத்தேகால்.

வெள்ளத்துரை கொடுத்த முடுக்கு அப்படி. வளையம் எளிதில் வரவில்லை. சாம்சன் நட்டைத் தளர்த்தி, கொக்கி போட்டு இழுக்கிற புல்லரை மாட்டித் திருகினார். “அண்ணாச்சி கையில இன்னும் கெவுருமெண்டு பலம் இருக்கு” என்று முனகினார். அருண்பாண்டியன் மோர் டம்ளரோடு நின்று சிரித்தான். ‘டக்’கென்று வளையம் கையோடு வந்தது.

இம்முறை வண்டியை முன்னும் பின்னும் உருட்டி டயர்களை நேராக்கினார்கள். வெள்ளத்துரையே குனிந்து, ஒரு டயருக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுபக்கம் அருண்பாண்டியன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

“இங்கன நேரு மாமா.”

“இங்கனயும் நேரு.”

சாம்சன் வளையத்தை எடுத்தார். தண்டில் வைக்காமல் வெள்ளத்துரையிடம் நீட்டினார்.

“நீங்களே வைங்க.”

வெள்ளத்துரை வாங்கி வைத்தார். அம்மன் நேராக நின்றாள். புது வாஷரைப் போட்டு நட்டை முடுக்குகிற வேலையைச் சாம்சனிடம் விட்டார். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வளையத்தை இடக்கோடி வரை திருப்பினார்கள். நடுவிலிருந்து அதற்கு எத்தனை சுற்றோ, வலக்கோடிக்கும் அதே சுற்றுதான் வந்தது.

அருண்பாண்டியன் தானே ஏறி உட்கார்ந்து ராஜபாளையம் ரோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். இறங்கும்போதே போனைக் காதில் வைத்திருந்தான்.

“அம்மா, மாமா வண்டி நம்ம வண்டிய விட நேரா ஓடுது… ஆமா, நானே ஓட்டிப் பாத்தேன்… இல்லம்மா, நாங்க கொண்டுபோய் விட வேண்டாம். மாமாதான் வந்து கூட்டிட்டுப் போவாரு. நீ மாலாவ ரெடியா இருக்கச் சொல்லு.”

போனை வைத்துவிட்டு, “என் வண்டி இங்கனயே நிக்கட்டும் மாமா. நான் உங்ககூடவே வாரேன். சாயங்காலம் எடுத்துக்கிடுதேன்” என்றான்.

வெள்ளத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் துண்டு மூன்று நாளாகத் தோளில் நேராக உட்காரவில்லை என்பதைத் தங்கத்தாய் அறிவாள்.

டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். கிளம்பும் முன்பு வெள்ளத்துரை மகனைக் கூப்பிட்டார்.

“நீ வர வேண்டாம். சாம்சனுக்கு இலை போட்டு, பக்கத்துல நின்னு பரிமாறு. அவன் எந்திரிச்ச பொறவுதான் நீ உக்காரணும்.”

“சரிப்பா.” பாண்டியராஜ் சாம்சன் பக்கம் திரும்பினான். “அண்ணே, மன்னிச்சுக்கிடுங்க. அப்பாவக் காப்பாத்தப் போயி நீங்க ஏச்சு வாங்கிட்டீங்க.”

“ஏச்சு கிடக்கட்டும். அப்பளம் ரெண்டு கூட வைப்பீயளா?” என்றார் சாம்சன்.

கரிவலத்தில் வண்டி போய் நின்றபோது மணி பதினொன்றேகால். நிர்மலாதேவி வாசலுக்கே வந்துவிட்டாள். வண்டியை முன்னால் ஒரு பார்வை, பின்னால் ஒரு பார்வை பார்த்தாள். “குத்தமா நெனைச்சிராதீய அண்ணே” என்றாள் மறுபடியும். “நெனைக்கலம்மா. நீங்க கேட்டதுலதான் ரெண்டாந்தடவை பாத்தோம்” என்றார் வெள்ளத்துரை. பொய்யில்லாத பதில். அவளுக்கு அது போதுமாக இருந்தது. காபி குடிக்காமல் விடமாட்டேன் என்று நின்றாள்.

மாலா கண்ணாடி வளையல் குலுங்க மெல்ல நடந்து வந்தாள். வெள்ளத்துரை இறங்கிச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

“நான் தொறந்துக்கிட மாட்டனாப்பா?”

“இது என் வேலைம்மா. பத்தொன்பது வருஷம் கண்டவங்களுக்குச் செஞ்சேன். உனக்குச் செய்யக் கூடாதா?”

அவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் தங்கத்தாய். முன்னால் மருமகன். டிக்கியில் பைகளை ஏற்றியபோது வெள்ளத்துரை எண்ணவில்லை. ஆனால் டிக்கி எளிதில் மூடவில்லை. பிரசவத்துக்கு வருகிறவளுக்கு இத்தனை பையா என்று மட்டும் தோன்றியது.

பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி நகர்ந்தது. ஊரைத் தாண்டி ரோடு நேராக நீண்டது. ஞாயிறன்று இறங்கி நின்ற வயலோரம் வந்தது. வெள்ளத்துரை வேகத்தைக் குறைக்கவில்லை. கூட்டவும் இல்லை. கைக்கடியில் அம்மன் அசையாமல் நின்றாள். நிறைவாக இருந்தது. மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியைச் சற்றுத் திருப்பினார்.

மாலாவின் மடியில் ஒரு பழுப்பு நிற ஃபைல் இருந்தது. இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தாள். அவருக்கு அந்த ஃபைலைத் தெரியும். அவள் கல்லூரி முடித்த அன்று சர்டிபிகேட் வைக்க அவரே வாங்கிக் கொடுத்தது. கல்யாணத்தன்று அதையும் புகுந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

“ஏட்டி மாலா, பிரசவத்துக்கு வாரவளுக்கு சர்டிபிகேட்டு எதுக்கு?”

தங்கத்தாய் அப்போதுதான் குனிந்து மகளின் மடியைப் பார்த்தாள். அருண்பாண்டியன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது.

கண்ணாடியில் மாலாவின் கண்கள் அப்பாவைச் சந்தித்தன. அவற்றில் கலக்கமில்லை. சின்ன வயதில் ஏதாவது செய்துவிட்டு வந்து நிற்கும்போது இருக்கிற அதே சிரிப்புத்தான் இருந்தது.

“வீட்டுல போயி சொல்லுதேம்ப்பா. நீங்க இப்ப ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

வெள்ளத்துரை ரோட்டைப் பார்த்தார். வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.